தடிப்பும் சாய்வும்

கொருக்குப்பேட்டைப் புகைவண்டி நிலையப் பெயர்ப்பலகையில், மஞ்சள் நிறத்தின்மீது கரிய தடித்த எழுத்துக்கள் நிமிர்ந்து நிற்கின்றன. விரையும் வண்டியிலிருந்து நோக்குவார்க்கும் ஊர்ப்பெயர் ஐயமின்றி விளங்குகின்றது. பலகைக்கு வேண்டுவது இத்தெளிவே.

சாய்வெழுத்தின் இயல்பு வேறு. அது நூலுக்கென எழுந்தது. வெனிசு நகரத்து ஆல்டசு மனூசியசு என்னும் அச்சகத்தார், கையெழுத்தைத் தழுவிய சாய்வெழுத்தால் 1501-இல் ஒரு நூல் முழுவதையும் அச்சிட்டார். பிற்காலத்தில் அவ்வெழுத்து, நூற்பெயரையும் அழுத்திக் கூறவேண்டிய சொல்லையும் பிரித்துக் காட்டும் பணியை ஏற்றது. சாய்வோடு தடிப்பும், கோட்டு முனைகளிற் சிறு கால்களும் ஒருங்கே பெற்ற உரோமன் எழுத்துக் கண்ணை உடனே ஈர்க்கும். ஆதலின் அது தலைப்புக்கும் ஓரிரு சொற்களுக்குமே உரியது. பக்கமெங்கும் பரவின் படிப்பார் கண் களைக்கும்.

தமிழெழுத்தோ சுழிகளும் வளைவுகளும் மிக்கது. கணிப்பொறியால் அதனை வெறுமனே சாய்ப்பின் வடிவழகு குன்றும். எனவே, தமிழில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட, நிமிர்ந்த தடித்த எழுத்தே ஏற்றது. அதனையும் அளவறிந்தே ஆளல் வேண்டும்.

ஆலைகள் மலிந்த வடசென்னையில், எச்சரிக்கைப் பலகையின் எழுத்து அழகுகாட்டித் தெளிவிழந்தால் உயிருக்கே இடர் நேரும். அப்பலகையிலுள்ள சொற்கள் அனைத்தையும் தடித்த எழுத்தால் நிரப்பினாலும், 'அபாயம்' என்னும் சொல் தனித்துத் தோன்றாது. எல்லாரும் உரத்துப் பேசும் அவையில் எவர் சொல்லும் செவிக்கு ஏறுவதில்லை அன்றோ!