‘வார் ஹார்ஸ்’ பார்த்து அழுதாச்சு... நம்ம ஊர் குதிரைக்கு என்ன செய்யப்போகிறோம்?

குதிரை வளர்ப்பவர்களிடமோ, குதிரையேற்றம் பழகுபவர்களிடமோ ‘வார் ஹார்ஸ்’ படத்தைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். “செம படம், ஆனா இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு இல்லை” என்பார்கள். இல்லாவிட்டால், “அந்த முள்கம்பி சீன் வந்ததும் ஆஃப் பண்ணிட்டேன்” என்பார்கள்.

அதே படத்தில் மனிதர்களும் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அந்த இடங்களில் யாரும் ஆஃப் பண்ணுவதில்லை. “மனுஷன் சாகும்போது பாப்கார்ன் சாப்பிட்டுட்டு, குதிரைக்கு மட்டும் அழறீங்களே!” என்று குதிரைப் பிரியர்களைக் கிண்டல் செய்பவர்களுக்கு இது போதும்.

அந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடு இல்லை. குதிரைக்காக அழுவதில் தப்பே இல்லை. படம் முடிந்ததும் அந்த அழுகையும் முடிந்துவிடுகிறதே, அதுதான் பிரச்சினை.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மைக்கேல் மார்பர்கோ 1982-ல் எழுதிய சிறுவர் நாவல் இது. 2007-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆளுயரக் குதிரைப் பொம்மைகளை வைத்து நாடகமானது. 2011-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படமாக எடுத்தார். ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஒரு குத்தகை விவசாயியின் மகன் ஆல்பர்ட். அவன் வளர்க்கும் குதிரை ஜோயி. முதல் உலகப் போர் வந்ததும், கடனில் இருக்கும் அப்பா குதிரையை ராணுவத்துக்கு விற்றுவிடுகிறார். பிரிட்டிஷ் குதிரைப்படையில் போன ஜோயி, ஜெர்மானியர் கையில் சிக்கி பீரங்கி இழுக்கிறது. கடைசியில் இரண்டு படைகளுக்கும் நடுவே முள்கம்பியில் மாட்டிக்கொள்கிறது.

விஷயம் தெரிந்த குதிரைக்காரர்கள் குறையும் சொல்வார்கள். பந்தயக் குதிரை ரத்தம் ஓடும் ஒரு குதிரையை அவ்வளவு சீக்கிரம் ஏரில் பழக்கிவிட முடியுமா என்று கேட்பார்கள். குட்டியிலிருந்து பெரிய குதிரைவரை ஜோயியாக நடித்தவை மொத்தம் 14 குதிரைகள். பழகிய கண்ணுக்கு அந்த மாற்றமும் தெரிந்துவிடும். அந்த முள்கம்பி நிஜக் கம்பி இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்க முடியவில்லை.

காரணம் எளிது. ஜோயிக்கு எந்தக் கட்சியும் இல்லை. நேற்று ஒரு கொடிக்குக் கீழே ஓடியது, இன்று இன்னொரு கொடிக்குக் கீழே இழுக்கிறது. ராணுவத்தில் சேர்ந்தவனுக்குச் சம்பளம், பதவி, பெருமை, கட்டாயம் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். குதிரைக்கு இருப்பது ஒன்றுதான்: முதுகில் இருப்பவர் மீது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய்த் துப்பாக்கி முன்னால் நிறுத்துகிறோம் என்பதுதான் குதிரை வளர்த்தவரை உறுத்துகிறது.

நிஜத்தில் எத்தனை ஜோயிகள் வீடு திரும்பின?

படத்தில் ஜோயி வீடு திரும்பிவிடுகிறது. சூரியன் மறையும் வானம், அப்பா, அம்மா, மகன், குதிரை என எல்லாம் சுபம். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

நிஜக் கணக்கு வேறு. முதல் உலகப் போரில் இறந்த குதிரைகள், கோவேறு கழுதைகள் சுமார் 80 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் போருக்குக் கப்பலேறின. திரும்பிப்போனது ஒன்றே ஒன்று. ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரையான சாண்டி. மற்றவற்றில் வயதானவை, நோயுற்றவை சுடப்பட்டன. மீதி, பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் ஒப்படைக்கப்பட்டன அல்லது வெளிநாட்டிலேயே விற்கப்பட்டன.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. 1918 செப்டம்பர் 23 அன்று, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரை இந்தியக் குதிரைப்படைகள் பிடித்தன. இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி ஈட்டியும் வாளுமாகப் பாய்ந்தவர்கள் ஜோத்பூர், மைசூர் லான்சர்ஸ் வீரர்கள். அன்று உயிரிழந்த வீரர்கள் 8 பேர் என்றும், செத்த குதிரைகள் 60, காயம்பட்டவை 83 என்றும் பதிவுகள் சொல்கின்றன.

இந்தப் படைப்பிரிவின் நினைவாக 1922-ல் டெல்லியில் ‘தீன் மூர்த்தி’ நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் படைகளுக்கு ஒன்று என மூன்று வீரர் சிலைகள். மூன்று பேரும் தரையில் நிற்கிறார்கள். குதிரைப்படைக்கு வைத்த சின்னத்தில் குதிரை இல்லை!

இதற்கும் தருமபுரிக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் ஆண்ட ஊர். அந்தக் காலத்துப் போர்ப் பாடல்களைத் தொகுத்த புறநானூற்றில் ‘குதிரை மறம்’ என்றே ஒரு துறை உண்டு. போர்க்குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கென்று தனியாக ஒரு தலைப்பு. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பாடிய அரிசில் கிழாரும் இந்தத் துறையில் பாடியிருக்கிறார்.

அதில் எருமை வெளியனார் பாடிய 273-ஆம் பாட்டை குதிரைப் பிரியர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். போர் முடிந்து எல்லோருடைய குதிரையும் வந்துவிட்டது. ஒரு வீட்டின் குதிரை மட்டும் வரவில்லை. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருக்கிறாள். அவள் கேட்பது, ‘கணவன் வரவில்லையே’ என்று அல்ல; ‘குதிரை வரவில்லையே’ என்று. குதிரை வந்தால் அவன் வருவான். குதிரைக்கு ஆனதுதான் அவனுக்கும் ஆகியிருக்கும். “மனுஷனுக்கா, குதிரைக்கா, யாருக்கு அழறது?” என்ற கேள்வியே அவளிடம் எடுபடாது. இரண்டும் ஒரே துக்கம்.

இன்னொன்று, நடுகல். தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு சேர்த்து ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஹைஃபாவில் செத்த 60 குதிரைகளில் ஒன்றின் பெயர்கூட அந்த நினைவுச்சின்னத்தில் இல்லை.

ராணுவக் குதிரைகளின் வரலாறும் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரை ஒட்டிய மத்திகிரி கால்நடைப் பண்ணை, பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரைகளைத் தயார்படுத்தும் இடமாக 19-ஆம் நூற்றாண்டில் இயங்கியது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ‘வார் ஹார்ஸ்’ எங்கேயோ வெள்ளைக்காரன் ஊரில் நடந்த கதை மட்டும் இல்லை.

பாசம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு நம்மிடமே பழைய சாட்சி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். இங்குள்ள அரசர்கள் அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் வருடக் கடைசியில் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சுகின்றன. காரணம், குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் சரியாகத் தீனி போடவும் தெரிந்தவர்கள் இல்லை என்கிறார். அவர் சொன்ன எண்ணிக்கைகளில் மிகை இருக்கலாம். விஷயம் புரிகிறது: விலை கொடுக்கத் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் பார்ப்போம். டோரதி புரூக் 1930-ல் எகிப்தின் கெய்ரோவுக்குப் போகிறார். முதல் உலகப் போரில் உழைத்த ராணுவக் குதிரைகள் அங்கே விற்கப்பட்டு, எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. அவரும் முதலில் அழுதிருப்பார். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1931-ல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வந்த பணத்தில் சுமார் 5,000 குதிரைகளை விலைகொடுத்து வாங்கினார். பல குதிரைகளுக்கு அவரால் தர முடிந்தது கடைசிச் சில நாள் ஓய்வும் வலியில்லாத சாவும்தான். 1934-ல் கெய்ரோவில் இலவசக் குதிரை மருத்துவமனை தொடங்கினார். அவர் பெயரிலான அமைப்பு இந்தியா உட்படப் பல நாடுகளில் இன்றும் வேலை செய்கிறது.

குதிரைக்காரர்களை எதிரியாகப் பார்க்காமல், அவர்களுடைய குதிரைக்கு இலவச வைத்தியம் பார்த்தார். புரூக்கிடம் நாம் கற்க வேண்டியது அதைத்தான்.

இன்று நம் கண் முன்னால்

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருப்பது சுமார் 3.4 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும். 2012-ஐவிட இது ஏறத்தாழ 45 சதவீதம் குறைவு. மிச்சமிருப்பவற்றை நாம் எங்கே பார்க்கிறோம்? மெரினாவில், ஊட்டியில், கொடைக்கானலில், கல்யாண ஊர்வலத்தில். சீசன் முடிந்தால் தீனிக்கு வழியில்லாமல் தெருவில் விடப்பட்டுக் குப்பை மேயும் குதிரைகளைப் பற்றி ஊட்டியிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன:

- ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
- ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
- வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மதியம் 12 முதல் 3 மணிவரை வேலையே கூடாது.
- மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றும் சுமை 70 கிலோவைத் தாண்டக் கூடாது.

கடைசி விதி மூட்டை முடிச்சுகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் 85 கிலோ இருக்கும் நாம் ஒரு மட்டக்குதிரை மேல் ஏறி செல்ஃபி எடுக்கும் முன் அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சரி, மீறினால் என்ன? 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வதைக்கு முதல் முறை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும். அந்தத் தொகையை உயர்த்தும் சட்டத்திருத்தம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது. ஜோயிக்காக அழுத இத்தனை பேரும் அதைக் கேட்டு நம் எம்.பி.க்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தாலே சத்தம் கேட்டிருக்கும்.

“அவரும் பாவம்தானே?”

ஆமாம். சவாரிக் குதிரை வைத்திருப்பவர் பெரும்பாலும் அன்றாடம்காய்ச்சிதான். லாடம், கொள்ளு, வைத்தியம் எல்லாம் செலவு. அபராதத்தை மட்டும் ஏற்றினால் அவர் குதிரையைத் தெருவில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் உள்ளாட்சி அமைப்புகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஒவ்வொரு சவாரிக் குதிரைக்கும் பதிவு, சுற்றுலா இடங்களில் தண்ணீர்த் தொட்டியும் நிழலும், மாதம் ஒரு மருத்துவ முகாம், வேலைக்கு ஆகாத வயதான குதிரைகளுக்கு ஒரு காப்பகம். சுற்றுலாவில் வரும் வருமானத்தில் இதற்கு ஒரு பங்கு ஒதுக்கச் சொல்வது பேராசை இல்லை.

நம் பங்கு இன்னும் எளிது. சவாரிக்குக் காசு நீட்டும் முன் ஒரு நிமிடம் குதிரையைப் பாருங்கள். விலா எலும்பு எண்ணும்படி தெரிகிறதா? சேணத்துக்குக் கீழே புண் இருக்கிறதா? ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறதா? அப்படி இருந்தால் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதைக் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அடிபட்டுக் கிடந்தால் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழையுங்கள். நன்றாக வைத்திருந்தால் கூடக் கொஞ்சம் காசு கொடுத்து, “அண்ணே, இது பேரு என்ன?” என்று கேளுங்கள். பெயரோடு கூப்பிட்டு வளர்ப்பவருக்கு, அதைக் கேட்கிற ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.