கேட்டால் குறைந்து போவோமா?

போன மாதம் காலடிப்பேட்டையில் என் கிளினிக்குக்கு ஒரு தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடி வந்தான். வயசு இருபத்திரண்டு. பட்டறையில் கிரைண்டிங் செய்தபோது இரும்புத் துகள் தெறித்துவிட்டதாம். "இதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லப்பா. கண்ணைக் கசக்காதே, உடனே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று ஆட்டோ பிடித்து அனுப்பினேன். நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவோடு வந்தான்.

"கண்ணாடி போட்டுக்கலையா தம்பி?"

"ரெண்டு நிமிஷ வேலைதானே சார்னு..."

"யாரும் சொல்லலையா?"

"மேஸ்திரி சொன்னாரு. ஆனா எப்பப் பார்த்தாலும் 'டேய், உனக்கு என்னடா தெரியும்'னுதான் ஆரம்பிப்பாரு. அதான் காதுலயே வாங்கலை."

பார்த்தீர்களா? மேஸ்திரி சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை. இடையில் மாட்டிக்கொண்டது ஒரு கண்!

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த புதிதில் ஒரு மருந்துக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே மருந்து இடிக்கும் பெரியவர், "சேங்கொட்டை பொல்லாதது தம்பி, கையில தேங்காயெண்ணெய் தடவிக்குங்க" என்றார். 'ஐந்தாம் வகுப்புகூடத் தாண்டாதவர் எனக்குப் பாடம் எடுப்பதா' என்று வெறுங்கையால் தொட்டேன். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும் என்பது பரீட்சையில் நானே எழுதிய விடைதான்! இரண்டு கையும் கொப்பளித்து, பத்து நாள் அம்மாதான் சோறு ஊட்டினாள். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அன்றிலிருந்துதான் நான் அவரை "ஐயா" என்று கூப்பிட்டேன்.

அப்படியானால் இளசுகளுக்குத் துணிச்சலே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நம்ம திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையைப் பாருங்கள். 2000-ல், கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், பொறுப்பேற்ற சித்தார்த்த லாலுக்கு வயது 26! காலப்போக்கில் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய் அலுமினிய இன்ஜின் வந்தது. ஆனால் புல்லட் டேங்க் மேல் தூரிகையால் கோடு இழுக்கும் கைவேலையை விட்டுவிடவில்லை. புதுசும் வேண்டும், பழைய கையும் வேண்டும். அதுதான் விஷயம்.

தம்பிகளே, தங்கைகளே! செல்போனில் பார்த்தால் வேலை எப்படி என்று தெரியும். இந்த மெஷின் எந்த நேரத்தில் மக்கர் பண்ணும் என்பது பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்குத்தான் தெரியும். இயர்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, இது சரியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குறைந்து போக மாட்டீர்கள்.

பெரியவர்களே! "பசங்க மதிக்கறதே இல்ல சார்" என்று நெஞ்செரிச்சலோடு என்னிடம் வருகிறீர்கள். சூரணம் தருகிறேன், சாப்பிடுங்கள். கூடவே அந்த "டேய்"-ஐ விட்டுவிட்டு "தம்பி" என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஏன் கூடாது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் அது மரியாதைக் குறைவு அல்ல.

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: "இன்னிக்கு யார்கிட்டயாவது ஏதாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டியா?"