கொடி உங்களுக்கு என்ன செய்தது?

போன மாதம் உப்புவெளிக் கடற்கரையில் சிரமதானம் செய்தோம். போத்தல், அறுந்த வலைத்துண்டு, சொப்பிங் பேக் எல்லாம் பொறுக்கினோம். கூடவே மணலில் படர்ந்து கிடந்த அடம்பன் கொடியையும் பிடுங்கிக் குவித்தோம். படம் எடுக்கக் கரை வெளிச்சென்று வடிவாய் இருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் மட்டும் கேட்டார்: "பிள்ளையள், குப்பையை அள்ளுங்கோ. கொடி உங்களுக்கு என்ன செய்தது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறகுதான் தேடி வாசித்தோம். வாசிப்பு வடதுருவம் வரை இழுத்துக்கொண்டு போனது.

அங்கே துந்திரா என்கிற மரமில்லாத பனிநிலத்தில் பூச்செடிகளுக்கு வளரக் கிடைப்பது ஆண்டுக்கு இரண்டு மாதம் மாதிரித்தான். அடிநிலம் எப்போதும் உறைந்தே கிடக்கும். மேலே காற்று அறுக்கும். அதனால் பல செடிகள் தரையோடு தரையாக, மெத்தை மாதிரி நெருங்கி வளரும். காற்று மேலால் போய்விட, உள்ளே சூடு தங்கும். ஆர்க்டிக் பொப்பிப் பூ சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பி, கிண்ணம் போன்ற இதழுக்குள் வெயிலைச் சேர்க்கும். அந்தக் கதகதப்புக்குப் பூச்சி வரும்.

எங்கட அடம்பனுக்குக் குளிர் இல்லை. உப்பு, சுடுமணல், ஆடியில் கச்சான், மார்கழியில் வாடை. ஆனாலும் வழி அதேதான்: பணிந்து வளர்வது. தண்டு ஓடும் இடமெல்லாம் கணுவில் வேர் இறக்கும். மணல் மூடினால் மேலே வந்து திரும்பவும் வேர்விடும். ஆட்டுக் குளம்பு மாதிரியான இலை தடித்து, மெழுகு பூசியிருக்கும்; ஈரம் லேசில் போகாது. விதை கடலில் மிதந்தே வேறு கரை சேரும்.

அது பிடித்து வைப்பது தன்னை மட்டும் இல்லை. கொடிக்குள் காற்று தளர, மணல் விழுந்து மேடாகும். உள்துறைமுகம் குன்றுகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் திறந்த கடல். மாரியில் கடல் கரையை அரிக்கும்போது முதலில் தாங்குவது அந்த மேடுதான். 2004 சுனாமியைக் கொடி மறித்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. வருசா வருசம் வரும் அரிப்புக்குச் செலவில்லாத காவல் என்கிறோம்.

நடக்க, வள்ளம் இழுக்க இடம் வேண்டாமா? வேணும்தான். அதற்குப் பாதை விட்டால் போதும். கரை முழுக்க வழிக்கத் தேவையில்லை. அடுத்த முறை கொடிக்குள் சிக்கிய பிளாஸ்டிக்கைக் கையால் எடுப்போம். நேரம் கூடத்தான் போகும், போகட்டும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு மேடைக்கு மேடை சொல்லுறம். முதலில் திரள விடுவோமே.