வீட்டுக் கல்வியும் சட்டமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையிலுள்ள படூரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காதால் கேட்டதை உடனே கிரகிக்கிறான். எழுத்துக் கூட்டி வாசிக்கவோ திணறுகிறான். வகுப்பில் பரிகாசத்துக்கு ஆளாகி, பள்ளிக்கூடமென்றாலே அழுகிறான். வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் அவன் தாய்க்குச் சட்டம் என்ன சொல்லுகிறது?

2002-ம் வருஷத்துத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்ந்த ஷரத்து, குழந்தைக்குக் கல்வி பெறும் சந்தர்ப்பமளிப்பது பெற்றோர் கடமை என்கிறது, பள்ளிக்கூடமென்று குறிக்கவில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவோ, அண்டைப் பள்ளியில் சேர்ப்பதே கடமை என்று விதிக்கிறது. 2012-ம் வருஷத்துத் திருத்தம் கடுமையான அல்லது பலவகைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மட்டுமே வீட்டுக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையளித்தது. வாசிப்புத் திணறலைக் குறைபாடென 2016-ம் வருஷத்துச் சட்டம் அங்கீகரித்தும், நமது சிறுவன் நடுவழியிலேயே நிற்கிறான்.

விலக்கைத் தாராளமாக்கினால், ஏழைக் குழந்தைகளை வேலைக்கனுப்புவோர் அதையே சாக்காகக் கொள்வர் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம் தடையன்று, மேற்பார்வையாகும். அண்டைப் பள்ளியில் பெயர் பதிந்திருக்கட்டும். ஆசிரியர் மாதந்தோறும் வீடு சென்று பார்க்கட்டும். குழந்தை திரும்பிவரக் கதவு திறந்திருக்கட்டும். 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிய தமிழ்நாட்டில் இது அசாத்தியமன்று.

உரிமை குழந்தையினுடையது, பள்ளிக்கூடம் அதற்குச் சாதனமே. சர்க்கார் இதை உணர்ந்து சட்டத்தைத் தெளிவாக்குவார்களாக.