தாலியை அடகுக் கடைக்கு அனுப்பும் பயம்

வீட்டு வரி பாக்கி என்று கொம்யூன் பஞ்சாயத்து நோட்டீஸ் வந்துவிட்டால் புதுச்சேரி அரியூர்ப் பக்கம் உடனே கிளம்பும் பேச்சு இது: "அமீனா வந்தா அண்டா குண்டான்கூட மிஞ்சாது." இதை அடித்துச் சொல்பவர்கள் சட்டத்தைப் படித்தவர்கள் அல்ல. கேட்பவர்களோ நம்பி, வாசலில் ஆள் வந்து நிற்கும் மானக்கேட்டுக்கு அஞ்சி, குழுக்கடன் வாங்குகிறார்கள், நகையை வைக்கிறார்கள். பாக்கி தீர்கிறது, வட்டி தொடங்குகிறது.

முதலில் வருகிற ஆள் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொம்யூன் வரிக்கு வருபவர் பில் கலெக்டர். அமீனா நீதிமன்ற ஊழியர். நீதிமன்ற உத்தரவு கையில் இல்லாமல் அவருக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை. குழுக்கடன் வசூலுக்கு வருபவர் வெறும் கம்பெனி ஆள். அது பிணையில்லாத கடன். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அவர் கடன் வாங்கியவரை வசூலுக்காக அழைக்கக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கியே விதித்திருக்கிறது.

அமீனாவுக்கும் எல்லை உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1968இல் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் 60ஆம் பிரிவின்படி உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, உழவரின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல் எதையும் ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகையையும் தொட முடியாது. பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்கிறது 62ஆம் பிரிவு. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்ய 56ஆம் பிரிவு இடம் தரவில்லை. கையில் இல்லாததால் கட்டாதவரை அதற்காகவே சிறையில் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அமீனாவே தொடக்கூடாத தாலியைப் பயம்தான் அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறது.

வரி பாக்கிக்கு வசூல் சட்டம் வேறு என்பார்கள். வேறுதான். அங்கும் எழுத்தில் கேட்காமல் நேரே பொருளில் கைவைக்க முடியாது.

பயம் இல்லாவிட்டால் யார் வரி கட்டுவார் என்ற கேள்வியும் வரும். பயம் பெரியவர்களை என்ன செய்துவிட்டது? அரியூர் சர்க்கரை ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபாசிட்தாரர்களைக் காக்கப் புதுச்சேரி கொண்டுவந்த 2004ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்று அந்த ஆலை நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது, 2012இல்தான் தோற்றது. வாதாடியதைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் உரிமை. ஆலைக்கு இருந்த அந்த உரிமை, ஆலைக்குக் கரும்பு வெட்டிய குடும்பத்துக்கும் உண்டு. நோட்டீஸைக் கேட்டு வாங்கலாம், கணக்குத் தவறென்றால் எழுதிக் கொடுக்கலாம், தவணை கேட்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதுதான் நியாயமான கேள்வி. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. கூடவே வந்து பேச மெம்பர் இல்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்தின் தலையில்தான் விழுகிறது. வரி நோட்டீஸின் பின்பக்கம் வெற்றாகவா இருக்க வேண்டும்? எதை எடுக்க முடியாது, தவணைக்கு எந்த மேசையில் மனுக் கொடுப்பது, ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்பதைப் புரிகிற தமிழில், பெரிய எழுத்தில் அங்கே அச்சடிக்கட்டும்.