"கம்பெனியில இருந்து பேசுறோம்மா": ஏ.எம்.சி. போன்களுக்கு கடிவாளம் போடும் சட்டம்

சென்னை: "அம்மா, உங்க வாட்டர் பியூரிபையருக்கு சர்வீஸ் டியூ வந்துடுச்சு. கம்பெனியில இருந்துதான் பேசுறோம். இன்னைக்கே ஏ.எம்.சி. போட்டா பாதி ரேட்."

போர் தண்ணீரை நம்பி ஆர்.ஓ. மெஷின் மாட்டிய வீடுகளுக்கு இது பழகிப்போன போன். ஆள் வருவார், பில்டரை மாற்றுவார், ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த முறை மெஷின் மக்கர் செய்தால் அந்த நம்பர் சுவிட்ச் ஆப். நிஜ கம்பெனியைக் கேட்டால், "அவர் எங்க ஆளே இல்லீங்க" என்று கையை விரிக்கிறார்கள். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

இன்சூரன்ஸ் விற்க லைசென்ஸ் வேண்டும். ஏ.எம்.சி. விற்க அப்படித் தனி லைசென்ஸ் கிடையாது. ஓட்டையே இங்கேதான்.

அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்க முடியாது. இல்லாத கம்பெனி தொடர்பை இருப்பதாகச் சொல்வது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வாயால் சொன்னாலே போதும். பில் தராமல் நழுவுவதும் அதே கணக்கில்தான் வரும்.

"எல்லாமே ப்ரீ" என்று விளம்பரம் செய்துவிட்டு, மெம்பரேன், மோட்டாருக்கு தனிக் காசு என்பதை மறைத்தால் அது தவறான விளம்பரம். அபராதம் ரூ.10 லட்சம் வரை, மறுபடியும் செய்தால் ரூ.50 லட்சம் வரை போகலாம். 2022-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் கூவிவிட்டு "கண்டிஷன்ஸ் அப்ளை"யை பொடி எழுத்து இங்கிலீஷில் ஒளிக்கிற வேலையெல்லாம் செல்லாது!

ஆனால் ஆளே யார் என்று தெரியாதபோது நோட்டீசை எங்கே அனுப்புவது? பெரிய கம்பெனி என்றால் சட்டம் பிடித்துவிடும். சிம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஆசாமியிடம்தான் திணறுகிறது. அதனால் கையில் பணம் தராமல் யு.பி.ஐ.யில் அனுப்பினால், யார் கணக்குக்குப் போனது என்ற தடயமாவது மிஞ்சும். பில், கார்டு, போன் நம்பரை பத்திரப்படுத்துங்கள்.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொல்லை போன்களுக்கு 1909. அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். கம்பெனியின் தலைமை ஆபீஸ் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை.