தீவுகள் கைகோத்தால்



பசிபிக் பெருங்கடலில் துவாலு என்றொரு நாடு உண்டு. ஒன்பது தீவுகள்; ஏறத்தாழ 11,000 மக்கள். நம் பெரிய பங்குகள் சிலவற்றில் இதைவிட மிகுதியான மக்கள் வாழ்கின்றனர். அத்தகைய நாட்டில் இதய அறுவை மருத்துவர் ஒருவரை அமர்த்தினால், ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அவர் அறுவை செய்வார்? சிலருக்கே. பழக்கம் குன்றினால் கைத்திறன் குன்றும். விலையுயர்ந்த கருவியும் துருப்பிடிக்கும். ஆகவே பணம் மட்டும் இக்குறையைத் தீர்த்துவிடாது. ஆயினும் அங்கும் குழந்தைகளின் இதயம் நோயுறுகிறது. முதியோரின் கண் மங்குகிறது.

இதற்கு வழி யாது? பக்கத்துத் தீவுகளோடு கைகோத்தலே. இது புதிய எண்ணமன்று. பிஜி நாட்டின் மக்கோங்காய் தீவில் 1911-ஆம் ஆண்டு தொழுநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. நாளடைவில் சமோவா, டோங்கா, குக் தீவுகள் முதலிய இடங்களின் நோயாளரையும் அது ஏற்றது. பிறர் அஞ்சி விலகிய அந்நோயாளருக்குக் கத்தோலிக்கக் கன்னியர் பணிவிடை செய்தனர். 1940-களின் இறுதியில் சல்போன் மருந்து வந்தபின் பலர் குணமடைந்து வீடு திரும்பினர். 1969-இல் மருத்துவமனை மூடப்பட்டது.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. மருத்துவமனை ஒன்றாயினும், அதனை அடையக் கடல் கடக்க வேண்டியிருந்தது. மனைவியை, மக்களை, தாய்மொழியைப் பிரிந்து சென்றோர் பலர். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டோரும் பலர். உடலுக்கு மருந்து கிடைத்தது. உள்ளத்திற்கோ தனிமை கிடைத்தது.

ஆகவே நோயாளரை மருத்துவரிடம் அனுப்புவதோடு, மருத்துவரை நோயாளரிடம் அனுப்புவதும் வேண்டும். 1995 முதல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அறுவை மருத்துவர்களின் கல்லூரி வல்லுநர் குழுக்களைத் தீவுகளுக்கு அனுப்பி வந்துள்ளது. ஆனால் வந்தவர் சில நாள்களில் திரும்பிவிடுவார். அதன்பின் புண்ணைக் கவனிப்பவர் யார்? அம்மண்ணின் மைந்தரே மருத்துவராதல் இன்றியமையாதது. 1885-இல் சுவா நகரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1928 முதல் பிற தீவுகளின் மாணவரையும் சேர்த்துப் பயிற்றுவித்தது. 2006-இல் அதே நகரில் கண் மருத்துவப் பயிற்சி நிலையம் ஒன்றும் தோன்றியது. ஒரு தீவுக்குச் சுமையாகும் பள்ளி, பல தீவுகள் சேரும்போது செல்வமாகிறது.

ஆனால் பயின்றவர் அனைவரும் ஊர் திரும்புவதில்லை. உயர்ந்த ஊதியம் தேடி வளமான நாடுகளுக்குச் செல்வோரும் உண்டு. அவரைக் குறை கூறுவது எளிது. தனியொருவராக இரவும் பகலும் உழைப்பவருக்கு ஓய்வும், கலந்து பேசத் துணையும், மேற்படிப்புக்கு வாய்ப்பும் தருவதே கடினம். இவற்றையும் தீவுகள் கூடித்தான் தர இயலும்.

நம் ஊரிலும் ஒருவர் பெரிய சிகிச்சைக்காகப் பட்டணம் செல்கிறார். நாம் மருத்துவச் செலவையே கணக்கிடுகிறோம். உடன் செல்பவர் யார்? வீட்டில் விடப்பட்ட குழந்தைக்குச் சோறிடுபவர் யார்? மக்கோங்காய் தீவில் எழுந்த அதே கேள்வி இது. அடுத்த வீட்டுக் கதவு அடைத்திருந்தால், நாம் ஒவ்வொருவரும் ஒரு தீவே. அக்கதவை முதலில் தட்டுவது நாமாக இருப்போமாக.